சாமை தின்ற பன்றி

பிப்ரவரி 3, சின்னசேலம்

அண்ணி இன்றும் என்னை அடுப்பண்டை விடவில்லை. "வலிப்பு வந்தா நெருப்புல வுழுந்துடுவ, போய் ஒக்காரு" என்றாள். நல்லதுக்குத்தான் சொல்கிறாள். ஆனாலும் எரிச்சலாக வந்தது.

மலையில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து என்னை இங்கே அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமியார் தைலம்மாள் ஊர்க்கூட்டத்தில் நின்று, "காக்கா வலிப்புக்காரிய மறைச்சி எம்புள்ள தலையில கட்டிட்டாங்க" என்றாள். எனக்கு முதல் வலிப்பு வந்ததே போன மாசம்தான்! வீட்டுக்காரர் வீரமணி வாயே திறக்கவில்லை. நாலு வயசு மகள் செல்வியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவள் என்னிடம் வரவேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 7

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன். மூளையில் நாடாப்புழுக் கட்டிகளாம்.

"பன்னிக்கறி சாப்பிடுவியாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"அந்த வாடையே ஆகாதுங்க. அவரு சாப்புடுவாரு."

அரைவேக்காட்டுக் கறி தின்றவர் குடலில் புழு வளருமாம். அவர் வெளிக்குப் போய்விட்டு, சரியாகக் கழுவாத கையால் தொட்டதை நாம் தின்றால், புழுமுட்டை நமக்குள் போய் மூளைக்கு ஏறிவிடுமாம்.

மலையில் காட்டுப்பன்றி விழுந்தால் வீட்டுக்கு ஒரு கூறு. கறியில் வெள்ளை வெள்ளையாகக் குருணை இருந்தால் அந்தக் கூறுக்கு அடிதடி. "சாமைக்காட்டுல மேஞ்ச பன்னி, கறியிலயே சாமை ஊறிக்கெடக்குது பாரு" என்று நெருப்பில் லேசாக வாட்டித் தின்பார் வீரமணி. அது சாமை இல்லை, புழுவின் குஞ்சு என்றார் டாக்டரம்மா. அடப்பாவிகளா!

பிப்ரவரி 8

அவருக்குப் போன் போட்டேன். டெஸ்ட் எடுக்கணும், மாத்திரை போடணும் என்றேன்.

"இன்னாடி, உன் நோவ எந்தலையில கட்டப் பாக்கறியா? ஊரே சிரிக்கும்" — வைத்துவிட்டான். ஆமாம், விட்டான்தான். இனி என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கு?

அந்தக் கையால்தான் செல்விக்குக் களி ஊட்டுகிறான். கடவுளே, அந்தக் கை!

பிப்ரவரி 9

இன்றைக்கும் ஊட்டியிருப்பான்.

பிப்ரவரி 17

எங்கள் மலையூர் நர்ஸ் தேவிப்ரியா கெட்டிக்காரி. அவளிடம் போனில் அழுதேன். ஊருக்கே பூச்சி மாத்திரை என்று சொல்லி வீடு வீடாகப் போய், அவனையும் கண்ணெதிரே விழுங்க வைத்துவிட்டாள். "வந்துச்சுக்கா, நீட்டமா. பயந்துபோய் எங்கிட்ட ஓடியாந்தாரு" என்றாள்.

ஆனால் அவன் வெளியில் மூச்சு விடவில்லையாம். ஊருக்கு இன்னமும் நான்தான் நோவுக்காரி.

மார்ச் 2

வீரமணி தானாகவே செல்வியைக் கூட்டிவந்தான். வாசலில் அவளைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். மடியில் ஏறியவள் அப்படியே தூங்கிப்போனாள். மனசு இளகி அவனுக்கும் சோறு போட்டேன். திருந்திவிட்டானோ?

தின்று முடித்து, செருப்பை மாட்டிக்கினே சொன்னான், தலையைத் தூக்காமல்:

"நேத்து அதுக்கும் வலிப்பு வந்துச்சு. தாய் மாரியே புள்ளயும், வூட்ல வெக்க வாணாம்னு அம்மா சொல்லிடுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றான்.

நாளைக்கு செல்விக்கு ஸ்கேன்.