பச்சைக் கரடிப்புல்

என் அருமை மருமகளே,

மலையை வென்ற மாவீரன், உன் தாய்மாமன், கரடிப்புல் அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். எட்டுக் கரடிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஒன்பதாவது கும்பிடு போட்டது. இந்த மலையை முதன்முதலில் அளக்க வந்தவர்கள், இந்தப் புல்லில் பின்னிய கூடையில் தண்ணீர்கூட ஒழுகாது என்று குறிப்பேட்டில் எழுதினார்களாம். உன் அம்மாவின் கூடையைப் பார்த்திருந்தால், கடலையே ஊற்றினாலும் ஒழுகாது என்று எழுதியிருப்பார்கள்.

பிறக்கப்போகும் உன் பிள்ளைக்குத்தான் இப்போது தொட்டில்கூடை பின்னுகிறாள். புல்லை மூன்று மாதம் நிழலில் காயவைக்காமல் தொடவே மாட்டாள். பச்சையாகப் பின்னினால் காய்ந்ததும் சுருங்கி, இடைவெளி விழுந்துவிடும். அவளுக்குத் தெரியாததா? இந்த முறை நான் புல்லுக்கட்டை அவிழ்த்ததுமே பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு மாசம் பொறுக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

"வாயை மூடிட்டுப் புல்லை எடுத்துக் குடுடா, புளுகுமூட்டை," என்றாள்.

அம்மாவைப் பார்த்த டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்.

லீவுக்காகக் காத்திருக்காதே, உடனே கிளம்பு. எதற்கெடுத்தாலும் அவளோடு மல்லுக்கு நிற்கிறவன், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபிறகு பச்சைப் புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

நீ எந்த பஸ்ஸில் வந்தாலும் நிறுத்தத்தில் நிற்கும்,
உன் தாய்மாமன்