அக்காக்குயில் செய்த வேலை

என்னங்க,

வானத்தில் பறக்கும் எந்த உயிரும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது என்று பறவைச் சங்கமே சொல்கிறது. கொல்லைக்கு வந்த ஒன்று தப்பிவிட்டது, மகள் வளர்த்த கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு.

“இது அக்காக்குயில், புழு தின்னும் சாதுப் பிராணி” என்று புத்தகத்தை விரித்துக் காட்டி, நீங்கள்தானே கோழிக்கூட்டைத் திறந்துவிட்டீர்கள்? அந்தச் சாது இன்னும் இரண்டு குஞ்சுகளை உயிரோடு கிழித்தது. ஒன்றின் குடல் துணிக்கொடியில் தொங்குகிறது. மற்றதற்குத் தலை இல்லை. பழியை நம் பூனைமேல் போட்டு, விறகுக்கட்டையால் அதன் காலை ஒடித்தீர்கள். கட்டையைப் பிடுங்கும்போது உங்கள் கையைக் கடித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

பூனையை மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். மகள் மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் இரத்தத்தைக் கழுவுங்கள். கூட்டைத் திறந்தது யார் என்று அவளிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பூனையைச் சாக்குச் சொன்னால் நானும் அவளும் இந்த வீட்டில் இருக்க மாட்டோம்.

மிஞ்சிய இரண்டு குஞ்சுகளும் குளியலறையில். கதவைத் திறக்காதீர்கள்.

பி.கு.: புத்தகத்தைப் பார்த்தேன். ‘வல்லூறை அக்காக்குயில் என்று நினைப்பது கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு’ என்று அதே பக்கத்தில் இருக்கிறது. சங்கத்தில் வகுப்பெடுக்கும்போது அந்த வரிக்குச் சிவப்புக்கோடு போட்டது நீங்கள்தான்.