லாரி ஆயிலும் என் ஜீப்பும்

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

ஜெயித்துவிட்டேன்.

ஆயில் மாற்றியதிலிருந்து ஜீப் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் கடகடவென்று அதிர்ந்தது. பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான கிரவுனைப் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக் பழனியண்ணன். வண்டியையே விற்றுவிடலாம் என்றார் வீட்டுக்காரர்.

என் ஜீப்பில் இருப்பது லிமிடெட் ஸ்லிப் கிரவுன். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் உள்ளே பிளேட்டுகள் பிடித்து மற்றதை இழுக்க வைக்கும். அந்தப் பிளேட்டுகளுக்குத் தனி ஆயில் உண்டு. சொன்னால் பழனியண்ணன் சிரித்தார்.

"நாமக்கல் லாரி பூராத்துக்கும் இதையேதான் ஊத்தறமுங்க அம்மிணி. உங்க ஜீப்புக்கு மட்டும் ஆகாதுங்களா?"

இன்று நானே சேலம் போய் அந்த ஆயிலைக் கேட்டு வாங்கி வந்தேன். "இத ஊத்துங்கண்ணா. அப்பவும் கத்துனா பிரிச்சுக்குங்க" என்றேன். பழையதை வடித்துவிட்டு ஊற்றினார். மோகனூர் ரோட்டுத் திடலில் எட்டுப் போட்டேன். முதலில் அதிர்ந்தது, ஆயில் பிளேட்டுகளுக்குள் இறங்கட்டும் என்று விடாமல் சுற்றினேன். பிறகு சத்தமே இல்லை.

பழனியண்ணன் தானே ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "அந்த டப்பாவ இங்கயே வெச்சுட்டுப் போங்க அம்மிணி. பேரப் பாத்துக்கறேன்" என்றார்.

பேரை மட்டும் சொன்னேன். காலி டப்பா டிவி பக்கத்தில் இருக்கிறது, வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் நேரே தெரியும்படி.