கை ஓடல

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெங்களூரில் நான் சுகம். அத்தாவின் இருமல் தேவலையா? போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நேற்று ஓர் எலியைப் பார்த்தேன். மூளையில் சில செல்கள் டோபமைன் என்பதைச் சுரக்கும். பக்கத்துச் செல்கள் அதைக் கூட்டிக் குறைக்கும். அந்த அளவு கெட்டால் உடம்பு சொன்னபடி அசையாது. நான் பார்த்த எலிக்கு அந்த அளவு கெட்டிருந்தது. அதற்குப் பசி. எதிரே கடலை. வெகுநேரம் கால் எழவில்லை.

"நீ போனதுலருந்து கை ஓடல புள்ள. ஏலக்காய் பொறுக்க ஒக்காந்தா கை அப்படியே நின்னுருது" என்று ஆறு மாதமாகச் சொல்கிறீர்கள். என்னைப் பிரிந்த ஏக்கம் என்றே நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கை நிற்பதும் அந்த எலிக்கு வந்ததும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படியே இருந்தாலும் மருந்து இருக்கிறது. தம்பி சல்மானோடு இந்த வாரமே மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பாருங்கள். கை நின்றுபோவதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு பிடி ஏலக்காய் அனுப்புங்கள். எத்தனை நாளானாலும் நீங்களே பொறுக்கியதாக இருக்கட்டும்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டு, 'இது வெறும் ஏக்கம்தான்' என்று சொல்லிவிட வேண்டும் என்று துஆ செய்கிறேன்.

உங்கள் மகள்,
முபீனா