நாலு புட்டி ஒயினும் ஒரு வாளியும்

பிப். 8, செவ்வாய்

காலையில் பனி. விறகு ஈரம், வீடெல்லாம் புகை. கண் எரிச்சலோடு பள்ளிக்கூடம். நாலாம் வகுப்புக் கணக்குத் தாள் 38, திருத்தியது 11.

சாயங்காலம் தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் சமையல் பார்க்கும் ஓட்டலின் முதலாளி. யார் வீட்டுக்கும் போகிற ஆள் இல்லை. உப்பு ஏற்ற வந்த இத்தாலிக் கப்பல் ஒன்று, கரையிலிருந்து உப்பு கொண்டுபோகும் தோணிகளுக்காகக் காத்து நிற்கிறதாம். கேப்டன் தினம் ஓட்டலில்தான் சாப்பாடு. தன் ஊர் ஒயின் நாலு தினுசு தருகிறாராம், கஸ்டம்ஸில் எல்லாம் ஒழுங்காக முடித்தாயிற்றாம். சனிக்கிழமை மத்தியானம் துறைமுக அதிகாரிகள், உப்பு வியாபாரிகள் என்று பதினாறு பேருக்கு விருந்து. ஒவ்வொரு ஒயினுக்கும் பொருத்தமாக ஒரு பதார்த்தம்.

"வெள்ளிக்கெழம கேப்டனோட உக்காந்து நாலையும் ருசி பாத்துரு அந்தோணி. எதுக்கு எதுன்னு நீதான் சொல்லணும். மதுவிலக்குதான் எடுத்தாச்சுல்லா, என்ன பயம்?"

"சரி அண்ணாச்சி" என்றார் இவர்.

சரி என்றார். நான் கதவுக்குப் பின்னால், கையில் டீ கிளாஸ்.

இவர் குடியை விட்டு நாலு வருஷம். மகள் செலின் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளை உடுப்போடு கோயிலிலிருந்து வருகிறாள். அப்பா தெருவில் கிடக்கிறார். பிள்ளை தாண்டி நடந்தாள், அழவில்லை. அன்றோடு விட்டார். கிறிஸ்மஸுக்கு நான் போடும் திராட்சை ரசத்தையும் நிறுத்திவிட்டேன். அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரியாது. ஓட்டலில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

9, புதன்

ஏன் சரி என்றார் என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

மீன் கடையில் இரண்டு பெண்கள்: "ஒயினுன்னா என்னளா?" "கள்ளு மாதிரிதான். துரைமார் குடிச்சா ஒயினு."

வாங்கியது: சாளை மீன், தக்காளி, மண்ணெண்ணெய். மறந்தது: செலினுக்கு ரிப்பன்.

வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டை நானே தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

10, வியாழன்

கொஞ்சம் வாடைக்காற்று. பள்ளிக்கூடத்துக்குச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன், இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, அண்ணாச்சிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"என்னத்த?"

"எல்லாத்தையும். நான் வாயில வைக்கமாட்டேன்னு. தெருவுல கெடந்தது வரைக்கும் சொல்லிட்டேன்."

"அதுக்கு அவுக?"

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லாடேன்னாரு. அப்ப ருசி யாரு பாப்பான்னு கேட்டாரு. எம் பொண்டாட்டி பாப்பான்னுட்டேன்."

"நானா?"

"பின்ன? கிறிஸ்மஸ் ரசத்த ஒரு சொட்டு நாக்குல வச்சிட்டு, இன்னும் நாலு நாள் கெடக்கணும்னு சொல்லுவியே. நீ ருசியச் சொல்லு, நான் கறியச் சொல்லுதேன்."

திட்டினேன். ஒரு டீச்சர் ஓட்டலில் போய் ஒயின் குடிக்கிறதா, ஊர் என்ன சொல்லும். திட்டிக்கொண்டே முகம் கழுவப் போனேன். மூன்று செம்பு தண்ணீர் ஊற்றியும் கண்ணீர் நிற்கவில்லை. இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

11, வெள்ளி

அரை நாள் லீவு. காரணம்: குடும்ப அலுவல். பொய் இல்லை.

மூன்று மணிக்கு ஓட்டல். கேப்டன் பெரிய உருவம், வெயிலில் சிவந்த கழுத்து. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் கிளார்க் ஒருவர் தமிழில் சொல்ல. கேப்டன் கொஞ்சம் ஊற்றினார், சுழற்றினார், முகர்ந்தார், வாயில் வைத்துக் கொப்பளித்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினார்!

"துப்பணுமாம் டீச்சர். ருசி பாக்கறவங்க முழுங்கமாட்டாங்களாம்."

துப்பாதே துப்பாதே என்று பிள்ளைகளைத் தினம் அதட்டுகிறவள் நான். நாலு பேர் பார்க்க வாளியில் துப்பினேன். முதல் தடவை சேலையில்.

இவர் மேசைப் பக்கமே வரவில்லை. குசினி வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

1. வெளுப்பு. எலுமிச்சைத் தோல் கசப்பு, மழை நனைத்த கல் வாசனை. இவர்: "நண்டு. தேங்காப்பால், மெளகு கொஞ்சமா."

2. இதுவும் வெளுப்புதான், ஆனால் கனம். பழுக்கப் போகிற மாங்காய். "சீலா மீன் வறுவல்."

3. சிவப்பு. நாவல் பழம் தின்றால் நாக்கை இழுக்குமே, அதே துவர்ப்பு. புளி விட்ட மீன் குழம்போடு சேர்த்துப் பார்த்தேன், ஆணியைச் சப்பியது போல் ஆகிவிட்டது. "மீனே கூடாது. கொழுப்புள்ள ஆட்டுக்கறி."

4. தேன், உலர்ந்த திராட்சை. "முந்திரி மக்ரூன்."

கேப்டன் ஒவ்வொன்றுக்கும் மேசையைத் தட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை பல் தேய்த்தேன்.

12, சனி

தெளிந்த வானம். விருந்து நல்லபடியாக முடிந்தது. மாதாவுக்குத் தோத்திரம்.

நான் குசினி ஜன்னல் வழியாக. நண்டு ஓடுகூட மிஞ்சவில்லை. அதிகாரி வீட்டு அம்மா ஒருவர் ஒயினைத் தொடாமல் மக்ரூன் மட்டும் ஐந்து. விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் சிவப்பை ஒரே மடக்கில் விட்டுவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு ஊறுகா இல்லையா?"

கடைசியில் கேப்டன் சமையல்காரரைக் கூப்பிட்டார். இவர் கை துடைத்துக்கொண்டு போனார். எல்லோரும் கை தட்டினார்கள். கேப்டன் எழுந்து, ஒரு கிளாஸ் நிறையச் சிவப்பு ஊற்றி இவர் கையில் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், அப்படியே நின்றார்.

இவர் கிளாஸைப் பார்த்தார். மூக்குப் பக்கம் கொண்டுபோனார். நெடு நேரம் முகர்ந்தார். ஜன்னல் கம்பியை நான் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அப்புறம் சிரித்தார். கிளாஸை மேசையில் வைத்துக் கும்பிட்டார்.

"வாசம் போதும்னு சொல்லுங்க சார்."

கிளார்க் சொன்னார். கேப்டன் தோளைக் குலுக்கிவிட்டு அதையும் தானே குடித்தார். அண்ணாச்சி உட்கார்ந்தார்.

13, ஞாயிறு

முதல் பூசைக்கு மூன்று பேரும் போனோம். புதன்கிழமை விபூதித் திருநாள், அதற்குப் பிறகு தவக்காலம், கறி கிடையாது, அதனால் இன்று கோழி.

திரும்பி வரும்போது செலினை முன்னால் நடக்கவிட்டு இவர் சொன்னார்: "நேத்து அந்தக் கிளாஸக் குடிச்சிருப்பேன்ளா. பொய் சொல்லமாட்டேன்."

"பெறவு ஏன் சிரிச்சிய?"

"அந்த ஊறுகா ஆளு கண்ணுல பட்டாரு. கேப்டன் குடுத்த அந்தக் கிளாஸையே பாத்துக்கிட்டு உதட்ட நக்குதாரு. நானும் அப்படித்தான இருந்திருப்பேன்னு தோணிட்டு. சிரிப்பு வந்துட்டு. சிரிச்சதும் அந்த ஆச போயிட்டு."

ரோட்டில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷத்தில் முதல் தடவை, அதுவும் கோயில் ஜனம் எல்லாம் பார்க்க.

இப்போது காலை பதினொன்று. இவர் படுத்துத் தூங்குகிறார், குறட்டை. இன்று சமையல் நான். குழம்பில் காரம் ஏறிவிட்டது, என்ன செய்வது என்று இவரைத்தான் கேட்கணும்.

எழுப்பவில்லை.