வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவேனா என்கிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தை மீட்டிங்கிலேயே வைத்துப் படிக்கலாம். ஏதோ கோப்பு என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அண்ணியும் பாப்பாவும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். உன் மாப்பிள்ளை வழக்கம்போல லாரியோடு எங்கேயோ இருக்கிறார். எனக்குத் தையல் கம்பெனியில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசர் பதவி கொடுத்திருக்கிறார்கள். பெரிய பதவி என்று நினைத்துவிடாதே. திட்டு வாங்குகிற இடம்தான் மாறியிருக்கிறது.

போன வாரம் நீ உன் சுகாதாரத் திட்டக் கமிட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்துபோனதைத்தான் ஊரே பேசுகிறது. முதியோர் வார்டில், கேமராவுக்கு முன்னால், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு "வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாயே, நர்ஸம்மா அதை எனக்கு நடித்தே காட்டினார். அப்பா தலையாட்டினாராம், அழுதாராம். கமிட்டி கை தட்டியதாம். பிறகு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டீர்களாம்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. நான் கம்பெனி விட்டு வார்டுக்குப் போனபோது அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. வலது கைதான் விளங்காதே, இடது கையாலேயே பட்டனை எல்லாம் கோணல்மாணலாகப் போட்டிருந்தார். மடியில் பை. பக்கத்துக் கட்டில் போஸ்ட்மாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மகன் வர்றான்னு மத்தியானத்திலேர்ந்து இப்படியே உட்கார்ந்திருக்காரும்மா. சாப்பிடச் சொன்னா பையைக் காட்டறார். சீட்டாடக்கூட வரல."

உனக்கு அவசர வேலை வந்துவிட்டது என்று சமாளித்தேன். சட்டையைக் கழற்றாமலேயே படுத்துக்கொண்டார்.

உன் கமிட்டி வார்டை மூடப்போகிறது என்று சொல்கிறார்களே, நிஜமா? நான் இருப்பது மாடி வீடு. பகலில் ஆள் கிடையாது. வார்டில் அவருக்கு என்ன குறை? பக்கவாதம் வந்து படுத்த மனிதரை அங்கேதான் மறுபடி சிரிக்க வைத்தார்கள். ஒரே கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆட முடியவில்லை என்று சோப்பு டப்பாவில் பிளவு போட்டுக் கொடுத்திருக்கிறார் போஸ்ட்மாஸ்டர். அதில் சீட்டைச் செருகி வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் பஸ் ஓட்டிய அதே கெத்தோடு ஆடுகிறார்.

ரெண்டில் ஒன்று செய். அந்த வார்டை விட்டுவை. இல்லையென்றால் சொன்னபடி நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. உன் வீட்டில் கீழ் அறை சும்மாதானே கிடக்கிறது.

உன் பிரியமுள்ள,
தங்கை


மார்ச் 19

என் வாயாடித் தங்கைக்கு,

கடிதத்தை மீட்டிங்கில்தான் படித்தேன். நீ சொன்ன மாதிரியே கோப்பு என்றுதான் நினைத்தார்கள்.

கோபப்படாமல் கேள். இந்த வட்டாரத்தில் ஆஸ்பத்திரி ஒரு பக்கம், முதியோர் கவனிப்பு ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வியாதி தீர்ந்த பிறகும் வருஷக்கணக்கில் வார்டில் கிடந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இனி டாக்டர், நர்ஸ், உதவியாள் எல்லோரும் ஒரே குழு. நோயாளி குழுவைத் தேடிப் போக வேண்டாம், குழு வீடு தேடி வரும். அப்பாவுக்குத் தினமும் நாலு மணி நேரம் ஆள் வந்து பார்த்துக்கொள்ளும். சொந்தங்களோடு சொந்தக் கூரைக்குக் கீழே இருப்பதைவிட ஒரு மனிதருக்கு வேறென்ன கௌரவம்?

நம் ஊரை ஏன் முதலில் எடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் கேட்டிருப்பாய். என் அப்பா இருக்கிற வார்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற வார்டுகளை மூடினால் என்னைச் சும்மா விடுவார்களா? அதனால்தான் நம் ஊர் பெயரை நானே முதலில் எழுதினேன். அன்றிலிருந்து ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அப்பா அன்றைக்குத் தலையாட்டியதை எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். இங்கே அழைத்து வரத்தான் எனக்கும் ஆசை. பாப்பாவுக்குப் பரீட்சை. அண்ணிக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்.

என்றும் அன்புடன்,
உன் அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்கு.

ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு களை. உன்னிடம்தான் போகிறோம் என்று நினைத்திருக்கிறார். இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பாதிப் படியில் என் வீட்டுக் கதவைப் பார்த்தார். சட்டென்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நல்ல கை அந்த ஒன்றுதான், அதில் இருக்கிற பலம் உனக்குத் தெரியாது. விரல் விரலாக நான்தான் பிரித்தேன். பெற்ற அப்பாவின் விரலைப் பிரிக்கிற வேலையை எனக்குக் கொடுத்துவிட்டாய்.

உன் குழு வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு வந்த முகம் நாளைக்கு வருவதில்லை. நாலு மணி நேரம் என்றாய். வருகிற பெண் செருப்பைக் கழற்றும்போதே "இன்னும் நிறைய வீடு இருக்குக்கா" என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஓடியோடி அவளே பாதியாகிவிட்டாள். குளிப்பாட்டுகிறாள், மாத்திரை கொடுக்கிறாள், போய்விடுகிறாள். மிச்சப் பகல் முழுக்க அப்பா தனியாகத்தான் இருக்கிறார்.

ஒருநாள் தரையில் நகர்ந்து நகர்ந்தே மாடிப்படி வரைக்கும் போய்விட்டார். பக்கத்து வீட்டம்மா பார்க்காமல் இருந்திருந்தால் நீ காரியத்துக்குத்தான் வந்திருப்பாய். அதிலிருந்து நான் வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். ஆமாம், பூட்டிவிட்டுத்தான். நீ கூட்டத்தில் சொல்கிற கௌரவத்துக்கு என் வீட்டில் பூட்டு தொங்குகிறது.

நேற்று கதவைத் திறந்தபோது கட்டிலில் சீட்டுப் போட்டு வைத்திருந்தார். நாலு பேருக்கு. சோப்பு டப்பாவில் தன் சீட்டைச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்றேன். விரலை உதட்டில் வைத்தார். போஸ்ட்மாஸ்டரின் முறையாம், யோசிக்கிறாராம்.

அந்தப் போஸ்ட்மாஸ்டருக்குக் குழந்தை குட்டி இல்லை. வீடு என்று காட்ட எங்கிருந்தோ ஒரு தம்பி மகனைத் தேடிப் பிடித்தார்கள். அவன் கடைக்குப் பின்னால் சாமான் போடுகிற அறையில் கிடக்கிறார்.

அடிக்கடி லீவு போட்டதில் என்னை லைனிலிருந்து தூக்கிப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். அது போகட்டும். பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதுதானே? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன். சின்ன வயதில்கூட உன்னிடம் நான் எதற்கும் கெஞ்சியதில்லை.

உன்,
தங்கை


மே 24

அன்புத் தங்கைக்கு,

புதிதாக எதைத் தொடங்கினாலும் கொஞ்ச நாளைக்குத் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். குறை இருந்தால் சொல்ல ஒரு போன் நம்பர் கொடுத்திருக்கிறோம். எல்லோரையும் போல நீயும் அதில் சொல். என் அப்பாவுக்கு மட்டும் தனியாக ஆள் போட்டால் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் பேசுவேன்?

பூட்டுகிற விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லாதே. சட்டப்படி தப்பு. மாட்டிக்கொள்ளப்போவது நீதான்.

இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை நடக்கிறது. முடியட்டும்.

உன் அண்ணன்


மே 30

அண்ணனுக்கு,

வெள்ளையடித்து முடியும்வரை அப்பா உன் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அவர் மேல் பெயின்ட் படாது.

இன்றைக்கு ராத்திரி புறப்படுகிற உன் மாப்பிள்ளையின் லாரி நாளைக்கு உன் ஊர்ப் பக்கம் வருகிறது. இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது. முன்சீட்டில் அப்பா இருப்பார். மாடியிலிருந்து இறக்கும்போது எந்தக் கைப்பிடியையும் பிடிக்கவில்லை. வண்டியில் ஏற்றியதும் கியரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் சிரித்தார்.

அதே வெள்ளைச் சட்டை. பட்டனை இந்த முறை நான் போட்டுவிட்டேன். பையில் மருந்து, துணி, சோப்பு டப்பா எல்லாம் இருக்கிறது. நீ வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாய். நீ வரவில்லை, அதனால் அவர் வருகிறார். வாசலுக்கு வந்தாவது "வாங்கப்பா" என்று சொல். கேமரா இல்லாவிட்டாலும் சொல்.

தங்கை


ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. அப்பா வந்த இரண்டாவது வாரமே வீடு தலைகீழாகிவிட்டது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ராத்திரி அவர் குழறிக் கூப்பிட்டால் எனக்குப் புரியவில்லை, அவருக்கோ கோபம். உன்னால் எப்படித்தான் முடிந்ததோ என்று நினைத்துக்கொண்டேன். மனசாரத்தான் சொல்கிறேன்.

இப்போது நன்றாக இருக்கிறார். இங்கே ஊருக்கு வெளியே தனியார் இடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி மாதிரியும் இல்லை, விடுதி மாதிரியும் இல்லை. ஒரே கூடத்தில் எட்டுக் கட்டில். எந்நேரமும் நர்ஸ் உண்டு. பக்கத்துக் கட்டில்காரர் ரிட்டயர்ட் ஜட்ஜ். சீட்டாட உட்கார்ந்தால் இரண்டு பேரும் சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை. அப்பா முகம் தெளிந்துவிட்டது. நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

ஒரே ஒரு உதவி. அடுத்த வாரம் திட்டத்தை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. குடும்பங்களிடம் நேரில் கேட்பார்கள். அப்பா என் வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிடு. இந்த இடத்தின் பேச்சை மட்டும் எடுக்காதே. பத்திரிகைக்காரர்கள் காதுக்குப் போனால் எல்லாம் கவிழ்ந்துவிடும். எனக்காக வேண்டாம், இந்தத் திட்டத்தால் நல்லது நடக்கப்போகிற ஆயிரக்கணக்கான பேருக்காகச் சொல். நம் வீட்டு நிலைமை வேறு, ஊர் நிலைமை வேறு. உனக்குப் புரியும்.

உன்னையே நம்பியிருக்கும்,
அண்ணன்


ஜூலை 17

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா சிரிக்கிறார் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்? அந்தச் சந்தோஷம் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் போய்விட்டது. எட்டுக் கட்டில், நர்ஸ், சீட்டாட்டம். எங்களிடம் பிடுங்கிக்கொண்டதையே நீ அங்கே கடையில் வாங்கியிருக்கிறாய்.

போஸ்ட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கட்டில். முதுகெல்லாம் புண். என்னைப் பார்த்ததும் "டிரைவர் எப்படிம்மா இருக்கார்?" என்றார். எட்டுக் கட்டில் கூடத்தில் நன்றாக இருக்கிறார், சீட்டாடுகிறார் என்றேன். அந்த மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று. "அங்க எனக்கும் ஒரு கட்டில் கிடைக்குமா? உன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன்.

நேற்று உன் மதிப்பீட்டுக் குழு வந்தது. மரியாதையான ஆட்கள், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அப்பா எங்கே என்று கேட்டார்கள். உன் கடிதம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உன்னை நான் ஒருபோதும் காட்டிக்கொடுத்ததில்லை. சின்ன வயதில் கண்ணாடி உடைத்தாயே, அதற்குக்கூட அடி வாங்கியது நான்தான்.

"எங்கப்பா இப்ப ஒரு வார்டுல இருக்கார். ரொம்ப சந்தோஷமா இருக்கார்" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வார்டையெல்லாம் மூடியாச்சேம்மா. இது எந்த வார்டு?" என்றார் பெரியவர்.

எனக்கு முழு விவரம் தெரியாது, சேர்த்தது அவர் மகன்தான், அவரையே கேளுங்கள் என்று உன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

இன்றோ நாளையோ கூப்பிடுவார்கள். அவர்களிடமாவது மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லாதே. பேசும்போது அந்தக் கூடத்தில் ஒன்பதாவதாக ஒரு கட்டிலையும் கேட்டு வை. ஒருத்தர் காத்திருக்கிறார்.

அப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன்.

தங்கை