கைலியில் கட்டிய கடிகாரம்

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்மார்ட் கடிகாரம் அணைந்து கிடந்தது. காலையில்தான் முழுதாகச் சார்ஜ் போட்டேன். தேயிலைக் கடையில் ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வருவதற்குள் கருப்பாகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சார்ஜரைத் தேடி மாட்டி, இதயப் படம் மறுபடி வரும்வரை அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை தீப்பெட்டியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். தோட்டத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள்தானே. போன வருடம் கீழ் வளைவில் பனிமூட்டத்தில் என் வீட்டுக்காரர் ஓட்டிய கொழுந்து லோரி கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் மோதிரத்தையும் கடிகாரத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். மோதிரம் நெளிந்திருந்தது. கடிகாரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கருமாதி அன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்தோம். கோழிப் பெரட்டல், மைலோ, சிகரெட், இந்தக் கடிகாரம். அது தட்டில் வழுக்கிக்கொண்டே இருந்ததால் அவருடைய சித்தப்பா மகன் விமலன் அவர் கைலியைச் சுருட்டி, அதைச் சுற்றி வாரைக் கட்டினான். அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. முகப்பில் இதயம் துடித்தது. 72.

பூசாரி நல்லுசாமி கற்பூரத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கைலியை யாரும் பிரிக்கவில்லை. அவர் படத்துக்கு முன்னால் சுருட்டியபடியே இருக்கிறது.

இன்று அத்தை சொன்னார்: "இது பழசாயிருச்சு மலரு. புது மாடல் வந்திருக்காம்ல. விமலன்கிட்ட கேட்டு ஒண்ணு வாங்கிப் போடலாம்." மகனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்குகிற மாதிரி சொல்கிறார். பாவம். அந்த எண்ணை வைத்துத்தான் அத்தை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

9 ஆகஸ்ட்

காலையில் திரையில் வந்தது: அருமையான உறக்கம், அகிலன். எட்டு மணி நேரம், பெரும்பகுதி ஆழ்ந்த உறக்கம். தினமும் இதையேதான் சொல்கிறது. இந்த வீட்டில் ஒருத்தராவது தூங்குகிறார்.

12 ஆகஸ்ட்

சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் கடைக்கு வந்திருந்தது. தேநீர், கேக், தேயிலைச் சரிவை முதுகுக்குப் பின்னால் வைத்து நூறு படம். அந்த ஆள் கல்லாவில் கையை நீட்டினான், கடிகாரமே காசு கட்டியது. புது மாடல். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பெருமையாகக் கழற்றிக் காட்டினான். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று சொல்லுமாம். இதயத்தை வரைந்து காட்டுமாம். கீழே விழுந்து அசையாமல் கிடந்தால் அதுவே ஆளைக் கூப்பிடுமாம்.

விழுந்தால் ஆளைக் கூப்பிடுமாம். அன்றைக்கு அவர் கையில் அப்படி ஒன்று... வேண்டாம். இதை எழுத வேண்டாம்.

மீதிக் காசைத் தப்பாகக் கொடுத்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அத்தைக்காகத்தான் கேட்டேன். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஐந்தாம் பாரம் வரை படித்தவள். சரி, நம்பாதவள் எதற்குடி சார்ஜரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறாய்?

17 ஆகஸ்ட், ஞாயிறு

கியா பார்ம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். விமலன் அங்கே போன் கடையில் வேலை செய்கிறான். புது மாடல் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. விற்கிற பையன் இப்படி முழிப்பதை நான் பார்த்ததில்லை.

"அண்ணி, ஒண்ணு காட்டுறேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றான். என் பையிலிருந்து முள்ளங்கியை எடுத்தான். நம் வீட்டில் இருப்பது மாதிரியே ஒரு பழைய மாடலை உள்ளேயிருந்து எடுத்து வந்து அதில் கட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. 71.

பச்சை வெளிச்சத்தை அடித்து, திரும்பி வருவதை அது எண்ணுமாம். துணியோ முள்ளங்கியோ, எதைக் கட்டினாலும் எண்ணுவதற்கு ஏதாவது கிடைத்துவிடுமாம். அவனுக்கே போன மாதம்தான் கடையில் யாரோ விளையாட்டாகக் காட்டினார்களாம். புது மாடல் இப்படி ஏமாறாது. தோல் இல்லையென்றால் வெறும் கோடுதான். "கைலில கட்டுனா ஒண்ணும் வராது அண்ணி. பெரியம்மா அதப் பாத்தா தாங்குவாங்களா?"

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல்? விமலன் மேலா? முள்ளங்கி மேலா? பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைச் சாக்கடையில் வீசினேன். சாம்பாருக்கு முள்ளங்கி எங்கே என்று அத்தை கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். கேமரன் மலையில் முள்ளங்கி கிடைக்கவில்லையாம்! அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கத்தரிக்காயை நறுக்கினார்.

18 ஆகஸ்ட்

தெரிந்த பிறகும் 72.

5 செப்டம்பர், வெள்ளி

நல்லுசாமி வந்தார். வருசத் திதிக்கு நாள் பார்க்க வேண்டும் என்றார். அத்தை, கொஞ்ச நாள் போகட்டும் பூசாரி, என்று சொல்லிவிட்டு மைலோ கலக்கப் போய்விட்டார். கிளம்பும்போது நல்லுசாமி வாசலில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போற ஆளப் பிடிச்சு வைக்கக் கூடாதும்மா. வழி தெரியாம நிப்பாங்க."

எங்கே நிற்பார்? வாசலிலா? இந்தக் குளிரில், பனியில், வெறும் பனியனோடா? மனதுக்குள் புகுந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறது. முன்கதவைச் சாத்தவே கை வரவில்லை.

ஆக, இதுதான் நிலைமை. புதுசு வாங்கினால் கோடு வரும், அத்தை உடைந்துபோவார், ஆனால் திதி நடக்கும். வாங்காவிட்டால் இந்தப் பழசு இழுத்துக்கொண்டு கிடக்கும், அவரும் போகாமல் கிடப்பார். நானே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம். ஒரு தாயிடம் போய் முள்ளங்கிக் கதையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

புது மாடல் ஸ்டாக் இல்லையாம் அத்தை, என்றேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

26 செப்டம்பர்

இப்போது அரை நாள்கூட நிற்பதில்லை. பேட்டரி மாற்றலாமா என்று விமலனைக் கேட்டேன். திறந்தால் மறுபடி உயிர் வராமலும் போகலாம் அண்ணி, என்றான். அந்த வார்த்தையை விட்டு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா அவனுக்கு?

11 அக்டோபர்

அந்த லோரி திரும்பி வந்துவிட்டது. தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, புது டிரைவர் ஓட்டுகிறான். வளைவில் கியர் மாற்றும்போது அதே முனகல். மாலையில் அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன், அவர் குளிக்க. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அத்தை வந்து அடுப்பை அணைத்தார். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் நீ குளி, என்றார்.

20 அக்டோபர், தீபாவளி

எங்களுக்கு இந்த வருடம் இல்லை. லயத்தில் மற்ற வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன.

காலையிலிருந்து கடிகாரம் மணிக்கொரு தரம் அதிர்ந்தது. அகிலன், வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து கொஞ்சம் நடங்கள். மூன்றாவது தடவை நான் கத்திவிட்டேன். "எந்திரிச்சு வரச் சொல்லேன், பாப்போம்!" பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்து, நான் இரண்டு தின்னும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

2 நவம்பர், ஞாயிறு

எழுதலைன்னா பைத்தியம் பிடிச்சிரும்.

மத்தியானம் மழை விட்டுப் பனி இறங்குச்சு. எதுத்த வீடே தெரியல. அப்போ கடிகாரம் அதிர ஆரம்பிச்சது. விடாம. போய்ப் பாத்தா சிவப்பு. 148. இதயத் துடிப்பு மிக அதிகம், அகிலன்.

எனக்குத் தெரியும். முள்ளங்கி தெரியும், பச்சை வெளிச்சம் தெரியும், எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ஓடுனேன். அவரு பயந்துபோய்த் தனியா கெடக்காரு, அது மட்டும்தான் மண்டைக்குள்ள. செருப்புக்கூட போடல. கீழ் வளைவு வரைக்கும் ஓடிப்போய் நின்னு கூப்பிட்டேன். பேரச் சொல்லி. கட்டிக்கிட்ட நாள்லேருந்து ஒரு தடவகூட அவரப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அகிலன், அகிலன்னு... பனிக்குள்ள போயி அப்படியே அமுங்கிப்போச்சு. தேயிலைக்கு நடுவுல ஒரு ஆள் நிக்கிற மாதிரி இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு. கிட்டப் போனா செடி. அதுக்குப் பின்னாடியும் செடி.

அப்புறம் முதுகுக்குப் பின்னாடி காலடிச் சத்தம். திரும்ப எனக்கு பயமா இருந்துச்சு. அவரா இருந்தா என்ன பேசுறது? அவரா இல்லேன்னா?

அத்தை. ஒரு கையில குடை, இன்னொரு கையில என் செருப்பு. "வா மலரு. வீட்டுக்குப் போலாம்."

3 நவம்பர்

காய்ச்சல். எம்.சி. லீவு எடுத்துவிட்டேன்.

அத்தை கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். இனி மறைக்கத் தெம்பில்லை. முள்ளங்கி, விமலன், கோடு, ஸ்டாக் இல்லை என்ற பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன், அவர் அழுவதைப் பார்க்க முடியாதென்று. அழவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு முன்பே தெரியுமாம். கருமாதி முடிந்த அடுத்த வாரம் தூசி தட்டுவதற்காகக் கழற்றினாராம். சந்தேகம் வந்து சப்பாத்திக் கட்டையில் கட்டிப் பார்த்தாராம். "அதுக்கும்தான் துடிச்சுச்சு" என்றார். பிறகு மறுபடி கைலியிலேயே கட்டி வைத்துவிட்டாராம்.

ஏன் அத்தை, என்று கேட்டேன்.

"நீ பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்த. அந்த நம்பரப் பாத்துட்டுதான் ஒரு வாய் சோறு எடுத்த. நான் என்னான்னு சொல்றது?"

புது மாடல் கேட்டதும் அதற்காகத்தான். பழையது நின்றுபோனால் நான் என்ன ஆவேனோ என்று பயந்தாராம். திதியைத் தள்ளிப் போட்டதும் எனக்காகத்தான். நான் இருந்த இருப்பில் என்னை எப்படி எள்ளுக்கும் தண்ணீருக்கும் முன்னால் உட்கார வைப்பது என்று யோசித்தாராம்.

"என் மவன நான் அன்னிக்கே அனுப்பிட்டேன் மலரு. நீதான் இன்னும் விடல."

இந்தப் பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். அத்தைக்காக, அத்தைக்காக என்றே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிய எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த மனுஷி ஒரு வருடமாகப் பெற்ற பிள்ளைக்குக்கூட வாய்விட்டு அழாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

15 நவம்பர், சனி

திதி கொடுத்தாயிற்று. விமலன் தண்ணீர் விட்டான். நான் எள் எடுத்துக் கொடுத்தேன். நல்லுசாமி பேர் கேட்டார். அத்தைதான் சொன்னார்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அத்தை கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கைலியைப் பிரித்தார். மடிப்பு இருந்த இடமெல்லாம் சாயம் வெளுத்திருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, பெயர் சொல்லி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் எழுந்து துவைத்துக் கொடியில் போட்டார். இந்த மழையில் எப்போது காயுமோ.

கடிகாரத்துக்குச் சார்ஜ் போடவில்லை. போடக் கூடாது என்று சார்ஜரை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு தடவை போய் எடுத்தேன், இரண்டு தடவையும் திரும்ப வைத்தேன்.

16 நவம்பர்

அணைந்துவிட்டது. எப்போது என்று தெரியாது. நானும் அத்தையும் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

6 டிசம்பர், சனி

மத்தியானம் அவருடைய போன் அடித்தது. கடிகாரத்துக்கு வேண்டுமே என்று அதை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தேன். கட்டணம் முடியும்வரை கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன். ஈப்போவில் அவர் கடிகாரம் வாங்கிய கடையிலிருந்து ஒரு பெண். தமிழ்க் குரல், சின்ன வயது. அகிலன் சாருங்களா என்றாள். நான் அவர் வீட்டுக்காரி என்றேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பழைய மாடல் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்துவிட்டுப் புதிய மாடலை எடுத்துக்கொள்ளலாம், இந்த மாதம் மட்டும். சார் எப்போது வீட்டில் இருப்பார், எப்போது கூப்பிட்டால் பேசலாம் என்று கேட்டாள்.

இதுவரை நான் இதை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

"அவரு தவறிட்டாரும்மா. போன வருசம்."

சாரி அக்கா, சாரி அக்கா என்றாள். அந்தப் பக்கம் வேறு யாரோ வேறு யாருக்கோ அதையே ஒப்பித்துக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு தயங்கிக் கேட்டாள்: "அப்போ லிஸ்ட்லேருந்து சார் பேர எடுத்துடட்டுமா அக்கா? இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க."

எடுத்துவிடச் சொன்னேன்.

போன்ல யாரு மலரு, என்று அத்தை பின்கட்டிலிருந்து கேட்டார்.

"அவருக்கு வந்துச்சு அத்தை" என்றேன். "சொல்லிட்டேன்."